கோப்பாய்ச் செம்பாட்டில் ஒரு வெங்காயத் தோட்டம்: உயிருள்ள பங்கசு ஏன் வேலை செய்யவில்லை?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கோப்பாய்ப் பகுதியில் இரண்டு பரப்பு (காணி அளவு) செம்பாட்டுத் தரையில், அதாவது செம்மண் தரையில், தை மாதத்தில் நடப்பட்ட சின்ன வெங்காயப் பயிர், 35ஆம் நாளளவில் திட்டுத்திட்டாக மஞ்சளித்து, நுனியிலிருந்து கருகிக் கீழே சாய்ந்தது. விதை வெங்காயத்தைப் பங்கசுநாசினியில் நனைத்தே நட்டிருந்தார்கள்; அதற்கு மேலதிகமாக, ரைக்கோடெர்மா என்னும் நன்மை தரும் பங்கசின் (பூசணத்தின்) வித்திகள் அடங்கிய பவுடரையும் மண்ணுக்கு இட்டிருந்தார்கள். இவ்வளவு செய்தும் பயிர் ஏன் கைவிட்டது என்பதை, அழுகிய குமிழிலும் மண்ணிலும் மீந்திருந்த பவுடர்ப் பக்கெட்டிலும் (பொதியிலும்) தேடிப் பார்த்ததன் பதிவு இது. தோட்டக்காரரின் விருப்பப்படி அவருடைய பெயரையும் காணியின் அடையாளத்தையும் தவிர்த்திருக்கிறேன்.

நான் போய் வரப்பில் நின்றபோது அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "தம்பி, மருந்தைக் குறைச்சு இந்தப் பச்சைப் பவுடரைப் போடச் சொன்னது நீங்கள்தானே. போட்டனான். தோட்டம் பட்டுப்போச்சு." அவர் சொன்னது உண்மை. ரைக்கோடெர்மாவைப் பற்றி அவ்வூர்த் தோட்டக்காரருக்கு விளக்கியவர்களுள் நானும் ஒருவன். எதற்காகப் போடவேண்டும் என்று சொன்ன நான், அதை எப்படி வைத்திருக்கவேண்டும், எதனுடன் சேர்க்கக் கூடாது என்பதைப் போதிய அளவு சொல்லவில்லை என்பது இந்த ஆய்வின் போக்கில்தான் எனக்குத் தெளிவாகியது.

நோய் எது?

அயல் தோட்டங்களில் மாரிப் பயிரைத் திருகல் நோய் தாக்கியிருந்ததால், இதுவும் அதுவே என்று அவர் எண்ணியிருந்தார். திருகல் நோய் கொலெற்றோத்திரைக்கம் என்ற பங்கசினால் வருவது. அதில் இலைகள் சுருண்டு முறுகும். கழுத்து வழமைக்கு மாறாக நீளும். இலையில் குழிந்த வெளிர்நிற நீள்வட்டப் புள்ளிகள் தோன்றி, அவற்றின் மேல் செம்மஞ்சள் நிற வித்தித் திரள்கள் பொங்கி நிற்கும். அந்த வித்திகள் பசைத்தன்மையுள்ளவை. மழைத்துளி தெறிக்கும்போதுதான் அடுத்த செடிக்குப் போகும். எனவே அது பெரும்பாலும் மாரிகாலத்து வருத்தம்.

இந்தத் தோட்டத்தில் நின்ற செடிகளில் திருகலும் இல்லை, புள்ளியும் இல்லை. மஞ்சளித்த செடியை இரண்டு விரலால் பிடித்து இலேசாக இழுத்தாலே கையோடு வந்தது; வேர்கள் பெரும்பாலும் அற்றுப்போயிருந்தன. குமிழை நெடுக்காக வெட்டியபோது, வேர் புறப்படும் அடித்தட்டுப் பகுதி கபில நிறமாகி, நீர்கோத்து, அதன் அடியில் வெண்ணிறப் பூசண இழைகள் படர்ந்திருந்தன. நோய் மேலிருந்து இலைக்கு வரவில்லை, கீழிருந்து குமிழுக்கு ஏறியிருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்திருந்தால், இலைக்கு மேல் இரண்டு தடவை தெளித்த மருந்தின் செலவாவது மிஞ்சியிருக்கும்.

அழுகலின் ஓரத்திலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, மேற்பரப்பை ஐதான ஐப்போகுளோரைற்றுக் கரைசலில் கழுவி, பங்கசு வளர்க்கும் ஊடகமான உருளைக்கிழங்கு டெக்ஸ்ரோஸ் ஏகாரில் வைத்தோம். ஒரு வாரத்துக்குள் நடுவில் ஊதா படிந்த வெண்பஞ்சு போன்ற வளர்ச்சி தட்டை நிரப்பியது. நுணுக்குக்காட்டியில் பிறை வடிவப் பெருவித்திகளும், சிறிய நீள்வட்ட நுண்வித்திகளும், தடித்த சுவர் கொண்ட உறங்குவித்திகளும் தெரிந்தன. இது பியூசாரியம் ஒக்சிஸ்போரம் என்பதற்கு இவ்வளவும் போதும். ஆனால் வெங்காயத்தைத் தாக்கும் சிறப்பு வடிவம்தானா என்பதற்குப் போதாது. வாழையை வாட்டும் பியூசாரியமும் தக்காளியை வாட்டும் பியூசாரியமும் வெங்காயத்தை அழுகவைக்கும் பியூசாரியமும் நுணுக்குக்காட்டியில் உடன்பிறந்தவை போலவே இருக்கும். எந்தப் பயிரில் நோயை உண்டாக்குகிறது என்பதை வைத்தே அவற்றை வேறுபடுத்தலாம். ஆகவே, ஒரு நோய்க்கு எந்தக் கிருமி காரணம் என்று நிறுவுவதற்குக் கிருமியியலாளர் கோக் 19ஆம் நூற்றாண்டில் வகுத்துத்தந்த வழியையே பின்பற்றினோம். நல்ல குமிழ்களின் அடித்தட்டில் சிறு கீறல் இட்டு அந்த வளர்ப்பைத் தடவினோம். அதே அழுகல் வந்தது. அதிலிருந்து அதே பங்கசு திரும்பக் கிடைத்தது. கீறிவிட்டு வெறும் நீர் தடவிய குமிழ்கள் நலமாகவே இருந்தன.

பியூசாரியத்தின் உறங்குவித்திகள் வெங்காயமே இல்லாத மண்ணிலும் பல வருடம் கிடக்கக்கூடியவை. வெங்காய வேர் அருகே வந்து கசிவு பட்டதும் விழித்துக்கொள்ளும். 25 முதல் 28 பாகை செல்சியசு வரையிலான மண் வெப்பம் அவற்றுக்கு மிகப் பிடித்தமானது. மாரி ஓய்ந்து தரை சூடேறத் தொடங்கும் மாசி மாதத்தில் இந்த நோய் தலைகாட்டியது தற்செயல் அன்று.

பங்கசு நுழையும் வழியை அறியாததன் விலையை இந்த நாடு ஒரு தடவை பெரிதாகவே கொடுத்திருக்கிறது. 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட இலைகளிலிருந்து பேர்க்கிலியும் புறூமும் கெமிலேயா வாஸ்ராற்றிக்ஸ் என்ற துரு நோய்ப் பங்கசை விவரித்தார்கள். 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி அதை ஆராய்ந்த மார்சல் வாட், வித்திகள் காற்றில் பரவுவதையும், இலை ஈரத்தில் முளைத்து இலைவாய் வழியே உள்ளே நுழைவதையும், நுழைந்த பிறகு வெளியில் பூசும் மருந்து எட்டாது என்பதையும் காட்டினார். அதற்குள் மலைநாட்டுக் கோப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. கோப்பாய் வெங்காயத்துக்கும் அந்தக் கோப்பிக்கும் பங்கசு வேறு, வழி வேறு. ஆனால் பங்கசு எந்த வாசலால் நுழைகிறது என்று பார்த்த பிறகே மருந்தைக் கையில் எடுக்கவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

பக்கெட்டுக்குள் இருந்தது

ரைக்கோடெர்மா புதிய கண்டுபிடிப்பு அன்று. 1794இல் பெர்சூன் பெயரிட்ட பங்கசுச் சாதி அது. அது மற்றப் பங்கசுகளை உணவாக்கிக்கொள்ளும் என்பதை 1932இல் வைன்ட்லிங் என்ற ஆய்வாளர் காட்டினார். பயிர் நாற்றுகளை அழிக்கும் றைசொக்ரோனியாவின் இழைகளை ரைக்கோடெர்மாவின் இழைகள் கொடிபோலச் சுற்றிக்கொள்வதையும், பிறகு சுற்றப்பட்ட இழைகள் உள்ளீடற்றுப் போவதையும் அவர் விவரித்தார். சுற்றிப் பிடிப்பதோடு நில்லாமல், எதிரியின் சுவரிலுள்ள கைற்றினையும் குளுக்கனையும் கரைக்கும் நொதியங்களையும் அது சுரக்கிறது. மண்ணிலுள்ள உணவுக்கும் இரும்புக்கும் போட்டியிடுகிறது. வேரைத் தொட்டு நின்று பயிரின் சொந்த எதிர்ப்பையும் தூண்டிவிடுகிறது. இவ்வளவையும் செய்வதற்கு அது உயிரோடு இருக்கவேண்டும். ரைக்கோடெர்மாவை மற்ற மருந்துகளிலிருந்து பிரித்துநிறுத்துவதும், எங்கள் தோட்டங்களில் மிக எளிதாக மறக்கப்படுவதும் இந்த ஒன்றுதான்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அந்த வருட நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதற்கு இடைப்பட்ட நாட்களில், நான் போய்வரும் தோட்டங்களில் ரைக்கோடெர்மா என்ற சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது. மருந்துக்கு மாற்றாக அறிமுகமானதால் அதையும் மருந்துபோலவே எல்லோரும் கையாண்டார்கள். காபென்டசிம் என்னும் பங்கசுநாசினியின் பக்கெட்டு எந்தத் தட்டில் இருக்கிறதோ அதற்குப் பக்கத்திலேயே இதுவும் இருந்தது.

இந்தத் தோட்டக்காரர் தம் பக்கெட்டைத் தகரக்கூரை போட்ட மோட்டர்க் கொட்டிலில் வைத்திருந்தார். முந்திய வருடம் வாங்கியது. பாதியைப் பாவித்துவிட்டு, வாயை நூலால் கட்டி, எண்ணெய்த் தகரத்துக்கு மேலே வைத்த மீதி அது. ரல்க் பவுடரில் கலந்த ரைக்கோடெர்மா வித்திகள் அறை வெப்பநிலையிலேயே சில மாதங்களில் வீரியம் குறையத் தொடங்குபவை. அந்தக் கொட்டிலுக்குள் பங்குனி, சித்திரை வெயிலில் நான் ஐந்து நிமிடம் நிற்கமுடியாமல் வெளியே வந்தேன். விதை நெல்லை ஒருவரும் அப்படி வைக்கமாட்டார். வைத்தாலும் முளைவீதம் பார்க்காமல் விதைக்கமாட்டார்.

மீந்திருந்த பவுடரைக் கிருமியழித்த நீரில் படிப்படியாக ஐதாக்கி ஏகார்த் தட்டுகளில் பரப்பினோம். ஒப்பிடுவதற்காக, குளிரூட்டியில் வைக்கப்பட்டிருந்த புதிய பக்கெட்டு ஒன்றையும் அவ்வாறே செய்தோம். மூன்றாம் நாள் புதிய பக்கெட்டின் தட்டுகள் வெண்மையாக நிரம்பி, ஐந்தாம் நாள் கரும்பச்சையாக மாறின. பழைய பக்கெட்டின் தட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தவற்றுள் கணிசமானவை ரைக்கோடெர்மாவே அல்ல. அஸ்பெஜில்லசும் பெனிசிலியமும் உள்ளே புகுந்து குடியிருந்தன. இவையும் பச்சை நிறமாகவே வளரும் என்பதால், பவுடரின் நிறத்தைப் பார்த்து அது நல்லது என்று நம்பிய தோட்டக்காரரைக் குறைகூற இடமில்லை.

அடுத்தது காபென்டசிம். நடுமுன் விதைக் குமிழை அதில் நனைத்தார்கள். மூன்றாம் நாள் ரைக்கோடெர்மாவை இட்டார்கள். மஞ்சள் கண்டதும் காபென்டசிம்மையே மண்ணுக்கு ஊற்றினார்கள். அது பங்கசுக் கலம் பிரிவதற்கு வேண்டிய நுண்குழாய்களைக் கட்டவிடாமல் தடுப்பது. எதிரிப் பங்கசு எது, நண்பன் எது என்று அது பார்ப்பதில்லை. ஏகாரில் மிகக் குறைந்த செறிவில் காபென்டசிம் கலந்து அதன்மேல் புதிய ரைக்கோடெர்மாவை வைத்தபோது அது ஒரு விரலகலம்கூட நகரவில்லை. மங்கோசெப் என்ற வேறொரு பங்கசுநாசினி கலந்த தட்டில் வேகம் குறைந்தாலும் வளர்ந்துகொண்டே இருந்தது. ஆகவே பக்கெட்டுப் புதிதாக இருந்திருந்தாலும் இந்தத் தோட்டத்தில் அது நிலைத்திருக்க வாய்ப்பில்லை. ஒரே குமிழுக்கு ஒரே வாரத்தில் பங்கசைக் கொல்லும் மருந்தையும் உயிருள்ள பங்கசையும் இடச்சொல்லும் இரண்டு அறிவுரைகள் ஒருவரிடமே போய்ச் சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் அவர் மனம்வைத்துச் செய்திருக்கிறார்.

இட்ட விதமும் பார்க்கவேண்டியது. பவுடரை நீரில் கரைத்து, உச்சி வெயிலில், குழையோ எருவோ இல்லாத வெறுந்தரையில் ஊற்றியிருந்தார்கள். ரைக்கோடெர்மா அழுகும் இலையிலும் தண்டிலும் வாழ்ந்து பழகிய பங்கசு. அதன் இனமான ரைக்கோடெர்மா றீசியை, இரண்டாம் உலகப்போரின்போது சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரத் துணியைத் தின்றழித்த பங்கசுகளின் நடுவே கண்டெடுத்தார்கள். செலுலோசைக் கரைக்கும் நொதியத்தைத் தொழிற்சாலைகள் இன்று பெருமளவில் அதிலிருந்தே எடுக்கின்றன. துணியையே தின்று வாழக்கூடிய ஓர் உயிருக்கு, சேதனப்பொருள் வற்றிய செம்பாட்டில் நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. எங்கள் பாட்டன்மார் பூவரசங்குழையும் வேப்பங்குழையும் பனையோலையும் தாட்டு, மாட்டுப்பட்டி கட்டி வைத்திருந்த அதே தரைதான் இது. சுண்ணக்கல்லின்மேல் படிந்த இம்மண் காரத்தன்மையை நோக்கியே சாய்வது. சற்றே அமிலத்தன்மையை விரும்பும் ரைக்கோடெர்மாவுக்கு, அழுகும் குழையின் அருகே மட்டுமே அத்தகைய இடம் கிடைக்கும்.

வேரில் குடியிருந்தவை

ஆய்வின் நடுவே, நான் தேடிப்போகாத ஒன்று கண்ணில் பட்டது. வெங்காயத்துக்கு வேர்மயிர்கள் மிகக் குறைவு. மண்ணிலுள்ள பொசுபரசை எட்டுவதற்கு அது வேரினுள் குடியிருக்கும் பூசணங்களை மற்றப் பல பயிர்களைவிட அதிகம் நம்பியிருக்கிறது. 1885இல் பிராங்க் இந்தக் கூட்டுவாழ்வுக்குப் பெயரிட்டார். வேர்ப்பூசணம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். நோய்பட்ட தோட்டத்தில் இன்னும் நலமாக நின்ற செடிகளின் வேர்களையும், அதே ஒழுங்கையில் மருந்து குறைவாகப் பாவிக்கப்படும் ஒரு வீட்டுத்தோட்டத்து வெங்காய வேர்களையும் சாயமிட்டுப் பார்த்தோம். வீட்டுத்தோட்ட வேர்களின் கலங்களுக்குள் மரம்போலக் கிளைத்த பூசண அமைப்புகள் எளிதில் காணக்கிடைத்தன. மற்றவற்றில் அவற்றைத் தேடிப்பிடிக்கவேண்டியிருந்தது.

இரண்டு தோட்டங்களின் வேரை மட்டும் வைத்து ஒரு விதியைச் சொல்லமாட்டேன். ஆனாலும் காபென்டசிம் வகை மருந்துகள் வேர்ப்பூசணங்களை அடக்கும் என்பதும், பொசுபேற்றுப் பசளை மிகுந்த மண்ணில் பயிர் அந்தப் பூசணங்களுக்கு இடம்கொடாது என்பதும் முன்பே நிறுவப்பட்டவை. இங்கே இரண்டும் ஒருங்கே நடந்திருக்கின்றன. ஒவ்வொரு போகமும் பழக்கத்தால் இடப்படும் பொசுபேற்று, தன்னை இலவசமாகக் கொண்டுவந்து தரும் பூசணத்தையே விரட்டுகிறது; பூசணம் போனதும் பயிர் இன்னும் அதிகம் பொசுபேற்றைக் கேட்கிறது. இது என்னை மிகவும் கவலைப்படுத்துகிற ஒன்று. ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத குடாநாட்டில், சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே எங்கள் கிணறு. தோட்டத்துக்கு இடும் நைதரசன் நைத்திரேற்றாக அந்தக் கிணறுகளில் இறங்கியிருப்பது பல ஆய்வுகளில் பதிவானது. மண்ணுக்குள் போவதைக் குறைக்க உதவும் எந்த உயிரையும் நாங்கள் எளிதில் இழந்துவிடக் கூடாது.

விதையும் அடுத்த போகமும்

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி மிஞ்சியது: நோய் முதலில் எங்கிருந்து வந்தது? அதற்கான விடை அடுப்படியில் தொங்கியது. விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டி, புகைபடும் இடத்தில் தொங்கவிட்டு வைப்பது இங்குள்ள வழமை. அந்தப் பிடிகள் அதே இரண்டு பரப்பில் முந்திய போகம் பிடுங்கியவை. வெளித்தோற்றத்தில் குறையில்லாத குமிழ்களை வெட்டியபோதே சிலவற்றின் அடித்தட்டில் மெல்லிய கபிலக் கோடு தெரிந்தது. ஏற்கனவே குமிழுக்குள் புகுந்துவிட்ட பியூசாரியத்தை மண்ணிலிடும் ரைக்கோடெர்மா தேடிச்சென்று அழிக்காது. புதிய பக்கெட்டு, நல்ல எரு, மாலை நேரம் எல்லாம் சரியாக அமைந்திருந்தாலும், நோயை ஆண்டுதோறும் கையால் கொண்டுவந்து நடும் இந்தச் சுழற்சி முறியாமல் பயிர் தேறியிருக்காது என்றே கருதுகிறேன். மற்றக் காரணங்களைவிட இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

சிறுபோகத்துக்கு முன் தரையை நன்றாகக் கொத்தி, நனைத்து, ஒளிபுகும் மெல்லிய பொலித்தீனால் இறுக மூடி, சித்திரை வெயிலில் ஐந்து கிழமை விட்டோம். 1976இல் இசுரவேலில் கற்றானும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட முறை இது. ஈரமண்ணில் வெயிலின் சூடு ஆழமாக இறங்கி நோய்ப் பங்கசுகளைத் தளர்த்தும். கறுப்புப் பொலித்தீனைவிட ஒளிபுகுவது மண்ணைக் கூடுதலாகச் சூடேற்றும் என்பதைத் தோட்டக்காரர் நம்ப மறுத்தார். இரண்டுக்கும் கீழே கையை வைத்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார். விதைக் குமிழை நோயில்லாத வேறொரு காணியிலிருந்து எடுத்தோம். புதிய ரைக்கோடெர்மாவை மக்கிய மாட்டெருவில் கலந்து, நிழலில், ஈரச் சாக்கால் மூடி, இரண்டு கிழமை வளரவிட்டு, நடுவதற்கு முதல்நாள் மாலை பாத்தியில் கலந்து இறைத்தோம். காபென்டசிம் விலக்கப்பட்டது. ஒரு பரப்புக்கு ரைக்கோடெர்மா எருவும் மற்றப் பரப்புக்கு வெறும் மாட்டெருவும் இட்டோம்.

இரண்டு பரப்பிலும் அழுகல் வெகுவாகக் குறைந்தது. ரைக்கோடெர்மா இட்ட பரப்பில் பட்டுப்போன செடிகள் மற்றதைவிடக் குறைவாக இருந்தன, ஆனால் இல்லாமல் போகவில்லை. இரண்டு பரப்புமே வெயிலில் வெந்தவை, இரண்டிலுமே விதை மாறியது. எனவே மீட்சியின் பெரும்பங்கை ரைக்கோடெர்மாவுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பரப்புக்கு ஒரு பரப்பு என்ற ஒப்பீட்டை வைத்து அதன் தனிப் பங்கைப் பிரித்துச் சொல்லவும் முடியாது. அதற்கு, பாத்திகளைத் திரும்பத் திரும்ப மாறிமாறி அமைத்து இரண்டு மூன்று போகம் செய்யும் சோதனை வேண்டும். அதை அடுத்துத் தொடங்கவிருக்கிறோம்.

பக்கெட்டின் உயிரைத் தோட்டத்திலேயே பார்க்க ஒரு வழி மட்டும் இப்போதைக்கு நிலைத்திருக்கிறது. அவித்துக் குளிர்ந்த சோற்றைச் சுடுநீரில் கழுவிய போத்தலில் அரைவாசி இட்டு, ஒரு சிட்டிகை பவுடரைத் தூவி, வாயைச் சுத்தமான பஞ்சால் அடைத்து நிழலில் வைத்தால், நல்ல ரைக்கோடெர்மா ஐந்து நாளுக்குள் சோற்றை வெண்மையாகப் போர்த்திப் பச்சையாக்கும். சில வகைகளில் முற்றிய தேங்காயின் வாசம் தெளிவாக வரும். மஞ்சட்பச்சையோ கறுப்போ நீலமோ படர்ந்தால் போத்தலைத் திறக்காமல், முகராமல் அப்படியே தாட்டுவிடவேண்டும். அஸ்பெஜில்லசின் வித்தி நெஞ்சுக்குள் போவது நல்லதன்று. இது ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடன்று, ஆனால் செத்த பக்கெட்டைக் காசு கொடுத்து மண்ணில் ஊற்றுவதைத் தடுக்கும். தோட்டக்காரர் முதல் போத்தலை ஐந்தாம் நாள் மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். "தேங்காய் மணக்குது தம்பி" என்றார்.

வெங்காயம் பிடுங்கிய அந்த இரண்டு பரப்பிலும் இப்போது குரக்கன் நிற்கிறது. பியூசாரியத்தின் இந்த வடிவத்துக்குக் குரக்கன் உணவன்று. அடுத்த இரண்டு வருடமும் அங்கே வெங்காயமோ உள்ளியோ நடுவதில்லை என்று தோட்டக்காரர் முடிவெடுத்திருக்கிறார். விதைப் பிடிகள் வேறு தரையிலிருந்து வந்தவை, அடுப்படியில் தொங்குகின்றன. பக்கெட்டு வீட்டுக் குளிரூட்டியில், மீன் வைக்கும் தட்டுக்குக் கீழே, இரட்டைப் பொலித்தீன் பையில் இருக்கிறது.